எடுத்த இடத்தில் வைத்தவர்கள்

அவர் காதில் விழாத தூரத்தில் நாங்கள் அவரை உஷ்ஷம்மா என்றுதான் சொல்வோம். நகரத்துப் பொது நூலகத்தின் நூலகர். பள்ளிக்கூடத்தின் கடைசி வருடத்தில் அங்கே போகத் தொடங்கிய நான், கல்லூரி முடித்து வேலை தேடி அலைந்த நாட்கள் வரை போய்க்கொண்டிருந்தேன். அத்தனை வருடங்களில் அவர் என்னிடம் பேசியதையெல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு தபால் அட்டையின் பின்பக்கம் போதும். அதில் பாதி ‘உஷ்’. மீதி ‘மணி ஆச்சு’.

‘மணி ஆச்சு’ என்பது மூடும் நேரத்தில் சொல்வது. சொல்லிவிட்டுக் கடைசி வரிசை விளக்கை முதலில் அணைப்பார். பிறகு அதற்கு முந்தைய வரிசை. இருட்டு பின்னாலிருந்து மெல்ல நகர்ந்து வந்து எங்களை வாசல் பக்கம் தள்ளும். யாரையும் விரட்டியதாக ஆகாது, ஆனால் யாரும் உட்கார்ந்திருக்கவும் முடியாது. நடக்கும்போது சத்தம் வராத ரப்பர் செருப்பு போட்டிருப்பார். சாவிக்கொத்தைக் கைக்குட்டையில் சுற்றி வைத்திருப்பார், குலுங்கக் கூடாது என்று. அப்படி ஒரு மனுஷி.

எங்கள் வீட்டில் படிப்பதற்கென்று ஒரு மூலை கிடையாது. அது யாருடைய குற்றமும் இல்லை. படிக்கிற ஆள் என்று ஒருவர் அந்த வீட்டில் எனக்கு முன் இருந்ததே இல்லை. மூலை எப்படி இருக்கும்? அப்பா சரக்கு வேன் ஓட்டிவிட்டு வந்து தொலைக்காட்சி முன்னால் கால் நீட்டுவார். “நீ பாட்டுக்குப் படி, நான் சத்தத்தைக் குறைச்சு வெச்சுக்கறேன்” என்பார். குறைப்பார். பிறகு செய்தியில் யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்கள், அவர் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவார். அதனால் நான் மாலையில் நூலகத்துக்குப் போனேன். அறிவுத் தாகம் என்றெல்லாம் நேர்முகத் தேர்வுகளில் சொல்லியிருக்கிறேன். உண்மையில் எனக்கு வேண்டியிருந்தது ஒரு நாற்காலி.

நூலகத்துக்கு இரண்டு கூடங்கள். முன்கூடம் செய்தித்தாள்களுக்கு. காலையில் கூட்டம் முழுக்க அங்கேதான். படித்த தாளை மடிக்காமல் அப்படியே போட்டுவிட்டு, அடுத்தவர் கையில் இருப்பதைப் பிடுங்காத குறையாகப் படிக்கிற கூட்டம். பின்கூடத்தில் புத்தக அலமாரிகள், நீள மேசைகள், உயரத்தில் சின்னச் சின்ன ஜன்னல்கள். மாலை ஐந்து மணிக்கு மேல் அந்தப் பின்கூடம் எங்களுடையது.

நாங்கள் என்றால் பெரிய கும்பல் ஒன்றும் இல்லை. கடையை மச்சானிடம் ஒப்படைத்துவிட்டு வரும் தையல்காரர் ஒருவர். கடற்பயணக் கதைகளாகத் தேடித் தேடிப் படிப்பார், சட்டைக் காலரில் எப்போதும் இரண்டு குண்டூசி செருகியிருக்கும். ஆஸ்பத்திரி வேலை முடிந்து கடைசி பஸ்ஸுக்குக் காத்திருக்கும் நர்ஸ் ஒருத்தி. சட்டப் புத்தகம் தவிர வேறு எதையும் தொடமாட்டாள். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. கண்ணை மூடிக்கொண்டு, முதுகு நிமிர்ந்து, முன்னால் ஒரு தடித்த புத்தகத்தைத் திறந்து வைத்தபடியே தூங்கும் பெரியவர் ஒருவர். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் தியானம். குறட்டை வராது. வந்திருந்தால் உஷ்ஷம்மா அவரை என்றைக்கோ வெளியே அனுப்பியிருப்பார். இன்னும் சிலர் வருவார்கள், போவார்கள்.

அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. படித்து முடித்த புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுத்தான் போவோம். பெரும்பாலான நூலகங்களில் இது தலைகீழ். படித்ததை மேசையிலேயே விட்டுவிடச் சொல்வார்கள், ஏனென்றால் ஒரு புத்தகம் இடம் மாறிப் போய்விட்டால் அது தொலைந்ததற்குச் சமம். எங்கள் கூடத்தில் மட்டும் ஏன் இப்படி என்றால் அதற்குக் காரணம் தையல்காரர்.

உஷ்ஷம்மா அங்கே வேலைக்கு வந்த புதிதில் தையல்காரர் ஒருநாள் ஏழெட்டுப் புத்தகங்களை மேசை முழுக்கக் கவிழ்த்துப் போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறார். உஷ்ஷம்மா அவரை வாசலில் நிறுத்தி, “உங்க கடையில தைக்கக் கொடுத்த துணியையும் இப்படித்தான் போட்டு வெப்பீங்களா?” என்று கேட்டிருக்கிறார். அந்த ஒரு கேள்வி தையல்காரர் மனதில் ஊசி மாதிரி ஏறிவிட்டது. மறுநாளிலிருந்து எடுத்ததை எடுத்த இடத்தில் வைக்கக் கற்றுக்கொண்டார். முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்து வைக்கப் பழகினார். பிறகு புதிதாக வருபவர்களுக்கும் அவரே பாடம் எடுத்தார். எனக்கும் அவர்தான் சொன்னார்:

“தங்கச்சி, எடுத்த இடத்துல வெச்சிடும்மா. அந்தம்மாவுக்கு முதுகு வலி. குனிஞ்சு குனிஞ்சு எத்தனைதான் எடுத்து வெப்பாங்க?”

முதுகு வலி உண்மைதான். நாற்காலியின் பின்னால் ஒரு சின்னத் தலையணையைக் கட்டி வைத்திருப்பார். நாங்கள் எல்லோரும் அவருக்குச் செய்த ஒரே மரியாதை அது. அவரும் அதைக் கவனித்திருக்கிறார், பிடித்தும் இருந்திருக்கிறது. தடுக்கவில்லை. யாரோ நம் முதுகை நினைத்துப் பார்க்கிறார்கள் என்றால் யார்தான் தடுப்பார்கள்?

அவருடைய வீட்டைப் பற்றி நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். ஆனால் இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அடுத்து நடந்தது ஏதோ அலுவலக நேரச் சண்டை போலத் தெரியும்.

அவருக்குக் கல்யாணம் ஒன்று நடந்து, சீக்கிரமே முடிந்தும் போயிருந்தது. தம்பி வீட்டு மாடியில் அவருக்கென்று ஓர் அறை. தம்பியோ தம்பி மனைவியோ முகம் சுளித்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. சாப்பாடு மூடி வைத்திருப்பார்கள். தம்பி மகள் படித்துவிட்டு வீட்டில் இருந்தாள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுக்கத் தொடங்கினாள். கீழே இடமில்லை. மாலையில் மாடி அறை சும்மாதானே கிடக்கிறது, அத்தை எட்டு மணிக்கு மேல்தானே வருவார் என்று அங்கே எடுத்தாள். முதலில் தரையில் உட்கார்ந்த பிள்ளைகள், கூட்டம் சேரச் சேரக் கட்டிலில் ஏறினார்கள். அவருடைய அலமாரிக் கதவில் பெருக்கல் வாய்ப்பாடு ஒட்டப்பட்டது. வீட்டுக்குப் போனதும் படுக்கை விரிப்பை உதறி, ரப்பர்த் தூளைத் தட்டிவிட்டுப் படுப்பது அவர் வழக்கமாயிற்று. யாரும் அவரிடமிருந்து எதையும் பறிக்கவில்லை. அவர் இல்லாத நேரத்தை நிரப்பிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அந்த ஏற்பாடு நடந்துகொண்டே இருக்க வேண்டுமென்றால் ஒன்றே ஒன்றுதான் தேவை: மாலையில் அவர் வீட்டில் இருக்கக் கூடாது.

புதிதாக வந்த அதிகாரி தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மதியம் நூலகத்துக்கு வந்தார். இளைஞர், மரியாதையான ஆள். காவலாளி தேநீர் வாங்கிவந்து வைத்துவிட்டுக் கதவருகேயே நின்றுகொண்டார். அவர் வழியாகத்தான் இந்தப் பேச்சு எனக்குக் கிடைத்தது.

“மேடம், காலையில உங்க மேசைக் கணக்கு நல்லா இருக்கு. சாயங்காலம் ஏன் ஒண்ணுமே இல்ல?”

மேசைக் கணக்கு என்பது இதுதான்: நண்பகலிலும் இரவு மூடும்போதும் மேசைகள் மேல் எத்தனை புத்தகம், எத்தனை தாள் கிடக்கிறது என்று எண்ண வேண்டும். கிடந்தால் யாரோ படித்திருக்கிறார்கள். கிடக்காவிட்டால் யாரும் படிக்கவில்லை. பழைய அதிகாரிகள் அதை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. இவர் பார்த்தார்.

“ஆளுங்க வர்றாங்க சார். தினமும் வர்றாங்க.”

“வர்றாங்க, சரி. என்ன படிக்கறாங்க?”

“நிறைய படிக்கறாங்க. படிச்சுட்டு எடுத்த இடத்துலயே வெச்சிடறாங்க.”

“எல்லாருமா?”

“எல்லாரும்தான் சார்.”

அதிகாரி சிரித்தாராம். “நான் பார்த்த லைப்ரரியில எல்லாம் வாசகர்கள் புத்தகத்தை எடுத்து வெக்கமாட்டேங்கறாங்கன்னுதான் புகார். இங்க வெச்சுத் தொலைக்கறாங்கன்னு புகார்.” பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “நான் நம்பறேன் மேடம். ஆனா நான் நம்பறதைப் படிவத்துல இருக்கற கட்டத்துல எழுத முடியாது. சாயங்காலம் இப்படியே இருந்தா அஞ்சு மணிக்கு மூடிடச் சொல்லி உத்தரவு வரும். இந்த மாசக் கடைசியில நானே சாயங்காலம் ஒரு தடவை வந்து பார்க்கறேன்.”

அவர் போன பிறகு காவலாளி தன் யோசனையைச் சொன்னார்.

“அம்மா, தினமும் ஒரு இருபது, இருபத்தஞ்சுன்னு போட்டுடுங்க. யாரு வந்து எண்ணப் போறா?”

“நான் எண்ணுவேனே” என்றார் உஷ்ஷம்மா.

“நீங்க எண்ணினா என்ன? உங்களை நீங்களே காட்டிக் கொடுத்துப்பீங்களா?”

“வெளியில யார்கிட்டயும் சொல்லாதீங்க” என்று மட்டும் சொன்னார் அவர். ஊர் முழுக்கச் செய்தி கொண்டுபோகிற காவலாளி வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டிருந்தது அந்தச் சமயத்தில்தான். மூடாமல் இருந்திருக்கலாம்.

மறுநாள் பின்கூடத்தில் ஒரு பலகை மாட்டியிருந்தது. ‘படித்த நூல்களை மேசையிலேயே விட்டுச் செல்லவும்.’ அவருடைய கையெழுத்து. ஒவ்வோர் எழுத்தும் ஒன்றையொன்று தொடாமல் நிற்கும்.

நாங்கள் அதைப் படித்தோம். தையல்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, மறுபடி படித்துவிட்டு என் காதில் கிசுகிசுத்தார்.

“யாரோ இடம் மாத்தி வெச்சிருக்காங்க. அந்தம்மாவுக்குக் கோபம். நேரா சொல்லாம பலகையில சொல்றாங்க.”

“நானா இருக்குமோ?” என்றாள் நர்ஸ். “போன வாரம் தூக்கக் கலக்கத்துல வெச்சேன்.”

“யாரா இருந்தா என்ன? இனிமே ரெண்டு தடவை பார்த்து வெப்போம்.”

அவ்வளவுதான். முன்பைவிடக் கவனமாகப் புத்தகங்களை எடுத்த இடத்தில் வைத்தோம். யாரோ விட்டுவிட்டுப் போன ஒன்றிரண்டையும் தையல்காரர் கிளம்பும்போது பொறுக்கி எடுத்து உரிய இடத்தில் செருகிவிட்டுப் போனார். உஷ்ஷம்மா கூடத்தின் முனையில் நின்று துடைத்துவிட்ட மாதிரி இருக்கும் மேசைகளைப் பார்த்துக்கொண்டிருப்பார். நானும் அவர் நிற்பதைப் பார்த்தேன். திருப்தியாக நிற்கிறார் என்று நினைத்தேன். முகத்தைப் படிக்கத் தெரியாதவள் எத்தனை புத்தகம் படித்து என்ன?

ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த ஒரு வார்த்தை அவருக்கு வரவில்லை. வருடக்கணக்காகப் பேசாதே, பேசாதே என்று மட்டும் சொல்லிவந்தவர், அதே கூடத்தில் நின்று எனக்கு இது வேண்டும் என்று எப்படிச் சொல்வார்? பல நாள் அவர் எங்கள் மேசை வரை வந்து, எதையோ சரிசெய்வது போல நாற்காலியைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் போனார். இப்போது யோசித்தால் அது தெரிகிறது.

மாதக் கடைசி நெருங்கிய ஒரு மாலை அவர் கூடத்தின் நடுவில் வந்து நின்று மேசையை விரல்மூட்டால் தட்டினார்.

“உஷ்” என்றார் தையல்காரர், தலையைத் தூக்காமலே.

பிறகுதான் தூக்கிப் பார்த்தார். தட்டியது யார் என்று தெரிந்ததும் அந்த மனிதர் முகம் போன போக்கைச் சொல்ல முடியாது. எழுந்தே நின்றுவிட்டார். தியானம்கூடக் கண் திறந்துவிட்டார்.

“அம்மா, நான்... வேற யாரோன்னு...”

“பரவாயில்ல, உட்காருங்க.” அவர் குரல் எங்களுக்கே புதிதாக இருந்தது. இத்தனை நாள் மூச்சாகக் கேட்டதற்கு ஒரு தொண்டை இருந்திருக்கிறது. “ஒரு விஷயம். படிச்ச புத்தகத்தை இனிமே மேசையிலயே விடுங்க. எடுத்து வெக்காதீங்க.”

“நாங்க மாத்தி வெச்சுட்டோமாம்மா?”

“இல்ல. சரியாத்தான் வெக்கறீங்க. அதுதான் சிக்கல்.” கைக்குட்டையில் சுற்றிய சாவிக்கொத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். “மேசையில இருக்கறதைத்தான் எண்ணுவாங்க. எண்ணறதுக்கு ஒண்ணும் இல்லேன்னா சாயங்காலம் யாரும் வரலேன்னு அர்த்தமாம். அஞ்சு மணிக்குப் பூட்டிடுவாங்க.”

நர்ஸ்தான் கேட்டாள்: “அப்போ நாங்க எங்க போறது?”

உஷ்ஷம்மா அவளைப் பார்த்தார். அதே கேள்வி தனக்கும் உண்டு என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “அதான், விட்டுட்டுப் போங்க” என்று சொல்லிவிட்டுத் தன் மேசைக்குப் போய்விட்டார்.

அவர் கேட்டது அவ்வளவுதான். நாங்கள் செய்ததுதான் வேறு.

மறுநாள் தையல்காரர் கடையை மூடிவிட்டுத் தம் மச்சானையும் அழைத்துக்கொண்டு வந்தார். மச்சான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவர். வந்தவுடன் ஓர் அலமாரித் தட்டையே காலிசெய்து மேசைக்குக் கொண்டுவந்தார். நர்ஸ் தன்னுடைய சட்டப் புத்தகத்தோடு குழந்தைகளின் படப் புத்தகங்களில் ஒரு கட்டையும் சேர்த்துக்கொண்டாள். நானும் சளைக்கவில்லை. ஜன்னலை மறைக்கிற அளவுக்கு அகராதிகளையும் புள்ளிவிவரத் தொகுதிகளையும் அடுக்கினேன். தியானம் எழுந்து நடந்து புத்தகம் எடுத்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தோம். “எந்த வரிசையில தூசி அதிகமோ அங்கேருந்து எடுங்கய்யா, பாவம், அதுங்களும் வெளியில வந்து ரொம்ப நாளாச்சு” என்றார் அவர். கூடம் முழுக்கச் சின்னதாய் ஒரு சிரிப்பு ஓடியது. உஷ் என்று யாரும் சொல்லவில்லை.

வேலை செய்கிறோம் என்ற சந்தோஷம் எங்களுக்கு. அவருக்காக எதையோ தூக்கிச் சுமக்கிறோம் என்ற பெருமை. நாங்கள் கிளம்பிய பிறகு அத்தனையையும் அந்த முதுகை வைத்துக்கொண்டு குனிந்து நிமிர்ந்து அடுக்கப்போவது யார் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அவரும் காவலாளியும் வெகுநேரம் அடுக்குவார்களாம். “சொல்லிடுங்கம்மா, இப்படி வேண்டாம்னு” என்று காவலாளி சொன்னதற்கு, “இப்பதான் ஒண்ணு கேட்டேன். உடனே இன்னொண்ணு எப்படிக் கேக்கறது?” என்றாராம்.

அதிகாரி அந்த வாரமே வந்துவிட்டார். மேசைகள் மேல் மலை மலையாகப் புத்தகம். வாசலில் நின்று பார்த்தவர் முகத்தில் முதலில் நிஜமான சந்தோஷம் வந்தது. அதை நான் பார்த்தேன். மெல்ல நடந்து வந்து தியானத்தின் முன்னால் இருந்த அடுக்கின் மேலிருந்து ஒன்றை எடுத்தார். ஊதினார். தூசி பறந்தது. பிரித்தார். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

“இதை யாரு படிச்சாங்க?”

“நான்தான் சார்” என்றார் தியானம், கம்பீரமாக.

“எதைப் பத்தின புத்தகம் இது?”

தியானம் அட்டையை எட்டிப் பார்க்க முயன்றார். அதிகாரி நாசூக்காக அதை மார்போடு சாய்த்துக்கொண்டார். புத்தகத்தின் முதுகில் இருந்ததைப் படித்து நர்ஸ் வாயசைத்து உதவினாள். தியானம் அவளையே உற்றுப் பார்த்துவிட்டு, “கோழி...” என்றார்.

“கோழி?”

“கோழி... பத்தி. பொதுவா.”

“பொதுவான்னா?”

“நல்ல விதமாத்தான் சார் எழுதியிருக்காங்க.”

அது கோழித் தீவன உற்பத்தி பற்றிய நூல். அந்த நேரத்தில்தான் உஷ்ஷம்மா சிரித்துவிட்டார். அடக்கப் பார்த்து, முடியாமல், சாவிக்கொத்து இருந்த கையால் வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க. கைக்குட்டை நழுவிச் சாவிகள் அந்தக் கூடத்தில் முதல்முறையாகக் கலகலவென்று சத்தம் போட்டன. நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அதிகாரியும் பார்த்தார். அவர் முகத்திலும் சிரிப்பின் ஓரம் தெரிந்தது.

“மேடம், நீங்களே சொல்லுங்க. இதெல்லாம் படிச்சதுதானா?”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆமாம் என்று ஒரு வார்த்தை. தலையை ஆட்டியிருந்தாலும் போதும். நாங்கள் எல்லோரும் அந்தத் தலையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“பாதிக்கு மேல எனக்காக எடுத்து வெச்சது சார்.”

“அப்போ படிச்சது எது?”

“அது இப்ப எனக்கே தெரியல. முன்னெல்லாம் தெரியும். இதுக்குள்ளதான் எங்கயோ இருக்கு.”

“நான் என்னன்னு எழுதறது?”

“தெரியலேன்னு எழுதுங்க.”

“தெரியலங்கறதுக்குக் கட்டம் இல்லையே மேடம்” என்றார் அதிகாரி. ஏளனமாகச் சொல்லவில்லை. வருத்தமாகத்தான் சொன்னார். கோழிப் புத்தகத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார்.

உத்தரவு வந்தது. கடைசி மாலையன்று யாரும் யாருக்கும் எதையும் சொல்லிவைக்கவில்லை. ஆனால் ஒவ்வொருவரும் தாம் படித்த புத்தகத்தை மட்டும் மேசை மேல், தாம் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேராக, மூடி வைத்துவிட்டு எழுந்தோம். கடற்பயணம் ஒன்று. சட்டம் ஒன்று. நான் வேலைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒன்று. தியானம் தம்முடையதைத் திறந்தபடியே விட்டுவிட்டார். அன்றைய மேசைதான் சரியான மேசை. ‘மணி ஆச்சு’ என்று அவர் சொன்னார். கடைசி வரிசை விளக்கு அணைந்தது.

அதன் பிறகு நான் அவரைப் பல நாள் பார்க்கவில்லை. பகலில் நூலகத்துக்கு என்னால் போக முடியவில்லை. அப்பாவின் நண்பர் ஒருவரின் கிடங்கில் தற்காலிகமாகச் சரக்கு விவரம் பதிகிற வேலை. பட்டம் வாங்கியவள் இதைச் செய்யலாமா என்று அம்மா கேட்டாள். பட்டம் என்ன செய்யும் என்று எனக்கே இன்னும் சரியாகத் தெரியாது. தையல்காரர் மூலம் ஒரு செய்தி மட்டும் கிடைத்தது. அவர் உஷ்ஷம்மாவைக் கடைக்கு அழைத்து, விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டு, “சாயங்காலம் இங்க வந்து உட்கார்ந்து படிங்கம்மா, யாரு கேக்கப் போறா?” என்றாராம். அவரும் ஒருநாள் வந்திருக்கிறார். மச்சான் மிஷினை மிதிக்கத் தொடங்கியதும் பழக்கத்தில் “உஷ்” என்றிருக்கிறார். மச்சான் பயந்துபோய் மிதிப்பதை நிறுத்திவிட்டார். அவசரத் துணி அன்று பாதியில் நின்றது. அதன் பிறகு அவர் அங்கே போகவில்லை.

வெளியூரில் ஒரு நேர்முகத் தேர்வு முடிந்து நான் மாலை பஸ்ஸில் வந்து இறங்கினேன். வேலை கிடைக்காது என்பது கதவைத் திறந்து உள்ளே போனபோதே தெரிந்துவிட்ட தேர்வு. பஸ் நிலையத்தின் கோடியில், கழிவறையைத் தாண்டி, விளக்குக்குக் கீழே ஒரு சிமெண்ட் பெஞ்ச். அதில் அவர் உட்கார்ந்திருந்தார். முதுகுக்கு அந்தச் சின்னத் தலையணை. மடியில் புத்தகம்.

நான் முன்னால் போய் நின்றேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. எங்களிடம் இருந்தது அந்த ஒரு பெயர்தான்.

“எந்த ஊருக்கும்மா போறீங்க?”

நிமிர்ந்து பார்த்தார். “எங்கயும் இல்ல.” கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். “உட்காரு. எட்டு மணி வரைக்கும் வெளிச்சம் நல்லா இருக்கும். அப்புறம் பூச்சி வந்துடும்.”

அன்றுதான் வீட்டைப் பற்றிச் சொன்னார், பஸ்களுக்கு நடுவில், விட்டு விட்டு. ஐந்து மணிக்கு மூடிய முதல் நாள் அவர் நேராக வீட்டுக்குத்தான் போயிருக்கிறார். மாடிக் கதவைத் திறந்தால் கட்டில் நிறையப் பிள்ளைகள். எல்லோரும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.

“தம்பி பொண்ணு ரொம்ப மரியாதையா எழுந்து நின்னா. ‘என்ன அத்தை, ஏதாவது வேணுமா?’ன்னு கேட்டா. என் ரூம்ல நின்னுக்கிட்டு என்கிட்ட கேக்கறா.” அவர் புத்தகத்தின் ஓரத்தைத் தடவினார். “கண்ணாடியை மறந்துட்டேன், எடுக்க வந்தேன்னு சொன்னேன். எடுத்துக்கிட்டு இங்க வந்துட்டேன்.”

“அவங்ககிட்ட சொல்லலாமே? நூலகத்தைச் சீக்கிரமே மூடறாங்கன்னு?”

“சொன்னா உடனே பிள்ளைங்களைக் கீழ இறக்கிடுவா. நல்ல பொண்ணு. தம்பி எங்க உட்காருவான்? சமையல் எங்க நடக்கும்? சொல்லலாம்தான். நாளைக்குச் சொல்லலாம்னு தினமும் தோணுது.”

எங்களுக்கு முன்னால் ஒரு பஸ் உறுமிக்கொண்டே பின்வாங்கியது. அவர் உதடு குவிந்தது, சத்தம் வரவில்லை.

அன்று ஏன் அதிகாரியிடம் உண்மையைச் சொன்னீர்கள் என்று நான் கேட்டேன். அந்தக் கேள்வி எனக்குள் வெகுநாளாக இருந்தது. என்னால் முடிந்திருக்குமா என்ற இன்னொரு கேள்வியும் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு இருந்தது.

“என்னமோ பெரிசா யோசிச்சுச் சொன்னேன்னு நினைக்காதே. அந்தக் கோழி... சிரிப்பு வந்துடுச்சு. அவ்வளவு சிரிச்சதுக்கப்புறம் மூஞ்சிய மாத்திக்கிட்டுப் பொய் சொல்ல வரல.”

மறுபடி அவர் முகத்தில் அந்தச் சிரிப்பு வரப்பார்த்தது. நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தனை வருடமும் அந்தக் கூடம் அவருடையது, இடமில்லாத நாங்கள் அதில் ஒண்டிக்கொள்கிறோம் என்றுதான் நினைத்திருந்தேன். எங்களில் ஒருவர் கையில் சாவி இருந்தது, அவ்வளவுதான் என்பது அந்த பெஞ்சில்தான் புரிந்தது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? பேசியிருப்பேனா? பேசியிருந்தால் உஷ் என்றுதான் சொல்லியிருப்பார்.

“நீ படிக்க ஒண்ணும் இல்லையா?” என்று கேட்டார்.

பையில் தேர்வுக்காகக் கொண்டுபோன புத்தகம் இருந்தது. எடுத்தேன். அதன் பிறகு நாங்கள் பேசவில்லை. பஸ்கள் வந்தன, போயின. கூவிக் கூவி ஆள் ஏற்றினார்கள். அவர் பக்கம் திருப்பும் ஓசை மட்டும் பழைய மாதிரியே பக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

நிலையத்துக் கடிகாரம் எட்டைத் தொட்டபோது அவர் புத்தகத்தை மூடினார். தலையணையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“மணி ஆச்சு” என்றார்.

பக்கத்து பெஞ்சில் இருந்தவர் தன் பஸ்ஸோ என்று பதறி எழுந்து பார்த்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். நானும் பழக்கத்தில் புத்தகத்தை மூடிவிட்டு எழுந்துவிட்டேன். எழுந்தவள், அதை எங்கே திரும்ப வைப்பது என்று சுற்றும் முற்றும் பார்த்தேன்.